சாயக்கழிவுநீர் மெம்பிரேன்: ஆராய்ச்சியாளருக்கு வழிகாட்டுவதை எங்கே தொடங்குவது?

கேள்வி (ஓய்வுபெற்ற வேதிப் பொறியாளர், கோவை):

வணக்கம். நீர் சுத்திகரிப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஸ்டார்ட்அப் தொடங்கியிருக்கும் இளம் வேதியியல் ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு வழிகாட்டும்படி புதிய நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் ஓர் இன்குபேஷன் மையத்தில் கேட்டிருக்கிறார்கள். சாயக்கழிவுநீரிலிருந்து நிறத்தைப் பிரித்து, உப்புக்கரைசலை மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்த உதவும் மெம்பிரேனை (மெல்லிய வடிகட்டிச் சவ்வை) அவர் தம் முனைவர் பட்ட ஆய்வில் உருவாக்கியிருக்கிறார். விலையைப் பற்றியோ வாடிக்கையாளரைப் பற்றியோ பேச்செடுத்தால், “இன்னும் ஒரு சோதனை முடியட்டும், ஐயா” என்கிறார். அவருடைய அறிவியல் நேர்மைக்குப் பங்கம் வராமல், நிறுவனம் நடத்துபவரின் பார்வையை அவருக்குள் வளர்ப்பது எப்படி?

பதில் 1 (பொது சுத்திகரிப்பு நிலையப் பணியாளர், திருப்பூர்):

ஐயா, அவர் சோதனை செய்யட்டும். எதைச் சோதிக்கிறார் என்பதில்தான் நீங்கள் தலையிட வேண்டும். ஆய்வகத்தில் பெரும்பாலும் ஓரிரு சாயங்களை உப்புநீரில் கலந்து சோதிப்பார்கள். எங்கள் தொட்டிக்கு வருவதோ, அன்றைக்கு எந்தப் பட்டறையில் எந்த நிறம் ஓடியதோ அத்தனையும் கலந்த நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சிலிக்காவும் மெம்பிரேன் மீது படிந்து அடைத்துவிடும். அடைத்தால் அமிலத்திலும் காரத்திலும் கழுவியாக வேண்டும். அவருடைய மெம்பிரேன் எத்தனை கழுவல்களைத் தாங்கும் என்பதே எங்களுடைய முதல் கேள்வி.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட வரலாற்றையும் அவரிடம் விரிவாகச் சொல்லுங்கள். கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்பதால், ஆர்.ஓ. கழித்த உப்புநீர், நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்குப் போகிறது. அங்கே நீராவிக்கு ஆகும் செலவுதான் எங்கள் தலைவலி. நிறம் நீக்கும் நானோ வடிகட்டல் மெம்பிரேன்கள் ஏற்கெனவே சந்தையில் கிடைக்கின்றன. ஆகவே, தம்முடைய மெம்பிரேனைப் போட்டால் எவாப்பரேட்டருக்குப் போகும் நீர் எவ்வளவு குறையும் என்பதை அவர் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். விலைப் பேச்சுக்குத் தயங்கும் ஆராய்ச்சியாளரும் உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு என்ற பொருட்சமநிலைக் கணக்கை விரும்பிச் செய்வார். விலை அந்தக் கணக்கிலிருந்தே தானாக வந்துவிடும்.

பதில் 2 (இன்குபேஷன் மைய ஊழியர், சென்னை):

மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-இல் தொடங்கிய ஐ-கார்ப்ஸ் திட்டத்தில், தொழில்துறை அனுபவமுள்ள வழிகாட்டியும் குழுவின் உறுப்பினரே. ஏழு வாரங்களில் வாடிக்கையாளராகக் கூடியவர்கள் போன்ற 100 பேரிடமாவது பேசிவிட வேண்டும் என்பது அங்கே விதி. உங்கள் ஆராய்ச்சியாளருக்கு நூறு பேர் தேவைப்படாமல் போகலாம், ஆனால் எப்படிக் கேட்கிறார் என்பது முக்கியம். “இதை வாங்குவீர்களா?” என்று கேட்டால் நம் ஊரில் மரியாதைக்காகவே “பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கடைசியாக மெம்பிரேனை எப்போது மாற்றினீர்கள், யார் முடிவெடுத்தார்கள், எந்த வேலை நின்றுபோனது என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் சில சந்திப்புகளுக்கு நீங்களும் உடன் செல்வது நல்லது.

உற்பத்தியைப் பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். ஆய்வகத் துண்டு சில சதுர சென்டிமீட்டர்தான். சந்தையிலுள்ள, எட்டு அங்குல விட்டமுள்ள மெம்பிரேன் சுருள் ஒன்றிலோ ஏறத்தாழ 37 சதுர மீட்டர் மெம்பிரேன் இருக்கும். அவ்வளவு பரப்பிலும் ஊசித்துளை இல்லாமல் பூசுவது வேறு ஒரு கலை, அதைக் கற்க ஆண்டுகள் ஆகும். மென்பொருள் நிறுவனங்களுக்குரிய காலக்கெடுவை இவர் மீது சுமத்தக் கூடாது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 2014-இல் சைக்ளோட்ரான் ரோடு என்ற திட்டம் தொடங்கப்பட்டபோது, இத்தகைய ஆராய்ச்சியாளர்களுக்கு இரண்டு ஆண்டுகள் உதவித்தொகையும் ஆய்வக வசதியும் தந்ததற்கு இதுவே காரணம்.

பதில் 3 (ஆராய்ச்சியிலிருந்து நிறுவனம் தொடங்கியவர், பெங்களூரு):

வழிகாட்டப்படும் தரப்பிலிருந்து இரண்டு செய்திகள். எனக்கு வாய்த்த முதல் வழிகாட்டி, முதலீட்டாளர்களிடம் சாதகமான முடிவுகளை மட்டும் காட்டச் சொன்னார்; அதற்குப் பிறகு அவருடைய நல்ல யோசனைகளைக்கூட என்னால் நம்ப முடியவில்லை. எது நிரூபணமானது, எது இன்னும் ஊகம் என்று பிரித்துச் சொல்லப் பழக்குங்கள், ஐயா. விவரம் தெரிந்த முதலீட்டாளர் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

அடுத்து, காப்புரிமை யார் பெயரில் இருக்கிறது என்பதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். முனைவர் பட்ட ஆய்வில் பிறந்த கண்டுபிடிப்பு பெரும்பாலும் கல்வி நிறுவனத்துக்கே உரியது. உரிமம் எழுத்தில் கைக்கு வராமல் முதலீட்டைப் பற்றிப் பேசுவது வீண். நெறியாளரின் பங்கும் அப்போதே தெளிவாகட்டும், பின்னால் அதைப் பேசினால் உறவு கெடும்.

கேட்டவர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. திருப்பூர் நண்பரே, அவரை அழைத்துக்கொண்டு உங்கள் நிலையத்துக்கு வர முடியுமா?

பதில் 1:

தாராளமாக வாருங்கள், ஐயா. ஒரே நாளின் மாதிரியோடு திரும்பிவிடாமல், அடர்நிறம் ஓடும் நாளிலும் வெளிர்நிறம் ஓடும் நாளிலும் தனித்தனியாக எடுத்துச் செல்லும்படி அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நிர்வாகத்திடம் நான் அனுமதி கேட்டு வைக்கிறேன்.