வாட்ஸ்அப், கூகுள், இன்ஸ்டா, மெயில்: உங்கள் தொழிலில் எதற்கு நேரம் கொடுக்கிறீர்கள்?

இளம்பிள்ளை, புடவை வியாபாரம்

சேலம் பக்கம் இளம்பிள்ளையில் வீட்டிலிருந்தே புடவை விற்கிறேன். பக்கத்துத் தெருவிலேயே தறி ஓடுகிறது, சரக்குக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். புதிதாகத் தொழிலில் இறங்குகிற பெண்கள் ஃபேஸ்புக், இன்ஸ்டா, டெலிகிராம், யூடியூப் என்று எல்லாவற்றிலும் கணக்குத் தொடங்கிவிட்டு ஒன்றிலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாமல் திணறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன், உங்களுக்கு எது சோறு போடுகிறது, எது நேரத்தைத் தின்கிறது என்று எழுதுங்கள்.

எனக்கு முதலிடம் வாட்ஸ்அப் பிசினஸ். 2018-ல் வந்த ஆப், இலவசம். சாதா வாட்ஸ்அப்பிலேயே ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து மாறிவிடுங்கள். கேட்டலாக்கில் 500 பொருள் வரை படமும் விலையுமாக ஏற்றலாம், ராத்திரி பத்து மணிக்கு மேல் "அக்கா, வேற கலர் காட்டுங்க" என்று வருகிறவர்களுக்கு ஒரு லிங்க் போதும். அதைவிட எனக்குக் கைகொடுப்பது லேபிள்தான். பணம் வந்தது, பார்சல் போட்டாச்சு, பாக்கி என்று ஒவ்வொரு சாட்டுக்கும் ஒரு லேபிள் போட்டு வைத்தால் தீபாவளி நெரிசலில் யாருக்கு எது போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. ஷிப்பிங் சார்ஜ், ரிட்டர்ன் மாதிரி திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்குக் குயிக் ரிப்ளை, அதாவது முன்பே எழுதி வைத்த பதில்.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் விஷயத்தில் ஒன்று. ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். இது தெரியாமல், அனுப்பியும் யாரும் பார்க்கவில்லையே என்று நொந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர். பார்சலுக்குள் நான் வைக்கிற சீட்டில் முதல் வரியே "இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்பதுதான்.

கல்யாணப் புடவை என்றால் வீடியோ கால். சிங்கப்பூரில் இருக்கிற அத்தைக்கும் இங்கே இருக்கிற மணப்பெண்ணுக்கும் படத்தைப் பார்த்து ஒத்துப்போகவே போகாது. டியூப்லைட்டுக்குக் கீழே அரக்கும் மெரூனும் ஒரே நிறமாகத் தெரியும், வாசல் வெளிச்சத்தில் முந்தியை விரித்துக் காட்டினால் அங்கேயே முடிவாகிவிடும்.

திருச்சி, பைக் மெக்கானிக்

அக்கா, உங்கள் தொழிலுக்கு அது சரி. என்னிடம் வருகிறவர் வண்டி நின்றுபோய் வெயிலில் தள்ளிக்கொண்டு வருகிறவர், அவர் எங்கே கேட்டலாக் பார்க்கப் போகிறார்? மேப்பில் பக்கத்தில் மெக்கானிக் யார் என்று தேடுவார், அவ்வளவுதான். கூகுள் தேடலிலும் மேப்பிலும் நம் கடையைக் காட்டுகிற கூகுள் பிசினஸ் புரொஃபைல் ஒன்றே எனக்குப் போதும்.

சரிபார்ப்புக்கு வீடியோ கேட்டார்கள். தெரு, பெயர்ப்பலகை, சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவது, உள்ளே ஸ்பானர் மாட்டியிருக்கும் பலகை எல்லாம் வெட்டு இல்லாமல் ஒரே மூச்சில் எடுத்து அனுப்பினேன், ஆயிற்று. அப்புறம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பொங்கல், ஆயுத பூஜைக்குக் கடை அடைத்தால் அதை முன்கூட்டியே அதில் மாற்றிவிட வேண்டும். திறந்திருக்கிறது என்று காட்டி, தள்ளிக்கொண்டு வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுப் போனால் அந்தக் கோபம் அப்படியே ஒரு நட்சத்திரமாக வந்து விழும். ரிவியூவுக்கெல்லாம் பதில் போடுங்கள், திட்டியிருந்தால் கட்டாயம் போடுங்கள், அடுத்து வருகிறவர் அதைத்தான் படிக்கிறார்.

"கூகுளில் இருந்து பேசுகிறோம், உங்கள் கடையை முதலிடத்தில் காட்டப் பணம் கட்டுங்கள்" என்று போன் வரும். புரொஃபைல் இலவசம், போனை வைத்துவிடுங்கள். முன்பு அதிலேயே சாட் வசதியும் இருந்தது, 2024 ஜூலையோடு எடுத்துவிட்டார்கள், இப்போது எனக்கு நேராகப் போன்தான். கையில் கிரீஸோடு இருக்கிற எனக்கு அதுவே நிம்மதி.

கோவை, வீட்டில் கேக்

இன்ஸ்டாவைப் பற்றி யாராவது சொல்ல வேண்டுமே. ஐசிங் போடுகிற வீடியோவை பாட்னாவிலும் டெல்லியிலும் பார்த்து இதயம் போடுகிறார்கள், என் கேக்கோ சிங்காநல்லூர் தாண்டினாலே உருகிவிடும்! ஒரு ரீல் எடுத்து வெட்டி ஒட்ட ஒரு சாயங்காலம் போய்விடுகிறது. அதனால் ரீலை விட்டுவிட்டு ஆல்பமாக மட்டும் வைத்திருக்கிறேன், "டிசைன் அனுப்புங்க" என்றால் பக்கத்தைக் காட்டுவேன், ஆர்டர் வாட்ஸ்அப்பில்.

2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது அதையே நம்பியிருந்த தோழிக்கு அத்தனை ஃபாலோயர்களும் ஒரே ராத்திரியில் போய்விட்டார்கள். வாட்ஸ்அப் மட்டும் என்ன, 2021 அக்டோபர் 4 ராத்திரி ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் போல முடங்கியது நினைவிருக்கும். மறுநாள் காலை பிறந்தநாள் கேக், பெயர் எழுத வேண்டிய வரியும் டெலிவரி முகவரியும் சாட்டுக்குள். அன்றிலிருந்து ஆர்டர் வந்ததும் பெயர், நம்பர், முகவரி மூன்றும் நோட்டில் ஏறாமல் அடுப்பே பற்றாது.

திருப்பூர், பனியன் ஜாப் ஒர்க்

எங்களுக்கு மெயில்தான். பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் நடக்கட்டும், பிஓ (ஆர்டர் தாள்), டெக் பேக் (உடையின் அளவு, தையல் விவரம்), லேப் டிப் ஓகே (சாய மாதிரித் துணிக்கு ஒப்புதல்) மூன்றும் மெயிலில் வராமல் துணியை வெட்ட மாட்டேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், ஷேடு பார்க்க அது ஆகாது, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டமே சொல்கிறது, ஆனால் பணம் வரவில்லை என்று அரசிடம் புகார் கொடுக்கப் போனால் ஆர்டரும் பில்லும் கேட்பார்கள். "சரி அண்ணே, போட்டுடுங்க" என்ற வாய்ஸ் நோட்டை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது?

கும்பகோணம், பாத்திரக்கடை

ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேருக்கு வாட்ஸ்அப் அனுப்பும் சாஃப்ட்வேர் என்று ஒருவர் விற்க வந்தார். வாங்கலாமா?

இளம்பிள்ளை, புடவை வியாபாரம்

வேண்டாம் அண்ணா. அது வாட்ஸ்அப்பின் அனுமதி இல்லாமல் ஓடுகிறது, நாலு பேர் பிளாக் செய்து ரிப்போர்ட் அடித்தால் நம்பரே முடங்கிவிடும், கடை போர்டில் எழுதியிருப்பதும் பில்லில் அச்சடித்திருப்பதும் அந்த நம்பர்தானே. ஆஃபர் சொல்ல மட்டும் என்றால் வாட்ஸ்அப் சேனல் தொடங்குங்கள், எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. கல்லாப் பக்கத்தில் க்யூஆர் ஒட்டி வையுங்கள், வேண்டியவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.