ரக்கூன் கூண்டில் எதை இரையாக வைப்பது?

தோட்டக்காரன் (ஸ்காபரோ, கனடா):
வணக்கம். பின்வளவில் நான் வைத்த சோளத்தை, கதிர் பால்பிடிக்கும் பருவம் பார்த்து ரக்கூன்கள் (கண்ணைச் சுற்றிக் கறுப்புத் திட்டுள்ள, பூனையைவிடச் சற்றுப் பெரிய காட்டு விலங்கு) இரவோடிரவாக முறித்துத் தின்கின்றன. கம்பிக்கூண்டு ஒன்று வாங்கி உள்ளே கருவாட்டுத் துண்டை வைத்தேன். முதல் இரவு அயல்வீட்டுப் பூனை அகப்பட்டது. இரண்டாம் இரவு கூண்டு புரண்டு கிடந்தது. கதவு மூடவில்லை, கருவாட்டை மட்டும் காணவில்லை. எந்த இரையை எப்படி வைக்க வேண்டும்? காயப்படுத்தாமல் பிடித்து, தொலைவிலுள்ள காட்டில் விட எண்ணியிருக்கிறேன்.

வளவன்:
கருவாட்டைக் கைவிடுங்கள், அண்ணா. மீன் வாசனைக்கு ரக்கூன் வருவது உண்மைதான்; ஆனால் பூனையும் ஸ்கங்க்கும் (மிரண்டால் நாற்றமுள்ள திரவத்தைப் பீச்சும் விலங்கு) அதற்கு முந்திக்கொள்ளும். கூண்டில் அகப்பட்ட ஸ்கங்க்கைத் திறந்துவிடும் பாட்டை நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற வெள்ளை மிட்டாயை வையுங்கள். பூனை அதைப் பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்க்காது, வெள்ளை நிறம் இருட்டிலும் தெரியும். அதன்மேல் சிறிது நிலக்கடலை வெண்ணெய் பூசினால் வாசனையும் பரவும்.

கூண்டு புரண்டதற்குக் காரணம் ரக்கூனின் விரல்கள். ரக்கூன் முன்கால்களால் தடவியே பொருளை அறிவதால், கம்பி இடைவெளியில் விரலை நுழைத்து, உள்ளே போகாமலேயே இரையை எடுக்கப் பார்க்கும். எட்டாவிட்டால் கூண்டையே உருட்டும். எனவே இரையை மிதிதட்டுக்கு (மிதித்தவுடன் கதவை மூடச் செய்யும் தட்டு) அப்பால் வைத்து, அந்தப் பகுதியின் பக்கங்களையும் பின்புறத்தையும் பலகைத் துண்டுகளால் மறைத்து, கூண்டை ஓர் ஒட்டுப்பலகையோடு சேர்த்துக் கட்டி, மேலே இரண்டு செங்கற்களை ஏற்றுங்கள். கூண்டின் நீளம் ஏறத்தாழ 32 அங்குலம் இருக்கட்டும். குட்டையான கூண்டில் மிதிதட்டை மிதிக்கும்போது பின்னுடல் வெளியே இருப்பதால் கதவு முதுகில் விழும், விலங்கு பின்வாங்கித் தப்பிவிடும். முதல் இரண்டு மூன்று இரவுகள் கதவைத் திறந்தபடியே கட்டிவைத்து, வாசலிலிருந்து உள்வரை சிறு துண்டுகளைத் தூவிப் பழக்குங்கள். அதன் பிறகே பொறியை ஏற்றுங்கள்.

கூரைவீட்டுக்காரி:
காட்டில் விடும் எண்ணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி, பிடித்த விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் விட வேண்டும். நோய் பரவக்கூடும் என்பதே இதற்கு முக்கிய காரணம்; 2015 இறுதியில் ஹமில்ரனில் ரக்கூன்களிடம் விசர்நோய் கண்டறியப்பட்டதை மறக்க முடியாது. இந்தப் பருவத்தில் குட்டிகள் தாயின் பின்னாலேயே திரிவதால், தாயைத் தொலைவில் விட்டால் அவை அனாதையாகும். எங்கள் கூரைக்கடியில் குடியிருந்த தாயைப் பிடித்த இரவு, குட்டிகள் விடியும்வரை கத்தியதைக் கேட்டவள் நான்.

தோட்டக்காரன்:
இருவருக்கும் நன்றி. 1 கிலோமீட்டருக்குள் விட்டால் மறுநாளே திரும்பி வந்துவிடாதா?

கூரைவீட்டுக்காரி:
வரும். ஆகவே கூண்டை மட்டும் நம்பாமல், முற்றிய கதிர்களை அன்றன்றே பறித்து, உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியின் பூட்டை இரவில் சரிபாருங்கள். அகப்பட்டால், தடித்த கையுறை அணிந்து, பழைய படுக்கைவிரிப்பால் கூண்டை மூடியபின் தூக்குங்கள். இருட்டில் அது பெரும்பாலும் அமைதியாகிவிடும். எச்சத்தை வெறுங்கையால் தொடவே வேண்டாம், அதில் உருளைப்புழு முட்டைகள் இருக்கக்கூடும்.