கன்டெய்னர் தங்குமிடம்: மழையே இல்லை, விடியக்காலையில் கூரை சொட்டுது. எங்கே தப்பு?

ஹலசூர்_தன்னார்வலர்:
வணக்கம். வீடில்லாதவங்க ராத்திரி தங்க, பெங்களூரில் 20 அடி பழைய கன்டெய்னர் ரெண்டு போட்டிருக்கோம். ஒவ்வொண்ணிலும் ரெண்டடுக்குக் கட்டில் மூணு, 6 பேர். உள்பக்கம் ஸ்குயர் டியூப் ஃபிரேம், நடுவில் சூடு தடுக்க 50 மி.மீ. ராக்வூல் (கல்நார்ப் பஞ்சு இல்லை, கல்லை உருக்கி இழைச்ச பஞ்சு), அதுக்கு மேல் ஜிப்சம் போர்டு. கொசுவுக்காக ராத்திரி ஜன்னலைச் சாத்திடறாங்க. டிசம்பர் தொடங்கினதிலிருந்து காலை 4 மணி வாக்கில் சீலிங் ஸ்க்ரூ ஒவ்வொண்ணிலும் தண்ணி கோத்து நிக்குது, மேல் கட்டில் போர்வையெல்லாம் ஈரம். கூரையில் ஓட்டைன்னு சொல்லி ஃபேப்ரிகேட்டர் ரெண்டு தடவை சிலிகான் அடிச்சுட்டார். அரை மணி நேரம் ஹோஸ் பிடிச்சுப் பார்த்தோம், ஒரு சொட்டு இறங்கலை. கூடவே தரைப் பலகையில் மருந்து வாடை. என்ன பண்ணலாம்?

தகரவேலை:
சிலிகானை நிறுத்துங்க. ஒரு பெட்டியை ஒரு ராத்திரி ஆளில்லாமல் பூட்டி வைங்க, இன்னொண்ணில் வழக்கம்போல் படுக்கட்டும். காலை 5 மணிக்கு உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவுன்னு எழுதுங்க.

ஹலசூர்_தன்னார்வலர்:
பார்த்தாச்சு. காலிப் பெட்டி காய்ஞ்சே இருக்கு. ஆள் இருந்ததில் 22 டிகிரி, 85 சதவீதம், சொட்டுது.

தகரவேலை:
அப்போ ஒழுகலை, தகரம் வேர்க்குது. தூங்கற ஆள் மூச்சிலும் வேர்வையிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் தண்ணி விடறார். 6 பேர், 8 மணி நேரம்னா கிட்டத்தட்ட 2 லிட்டர். உங்க கணக்குக்குப் பனிநிலை, அதாவது காற்றில் இருக்கிற ஆவி தண்ணியாகத் தொடங்கற வெப்பம், சுமார் 19 டிகிரி (100-இல் ஈரப்பதத்தைக் கழிச்சு, 5-ஆல் வகுத்து, வெப்பத்திலிருந்து குறைச்சால் கிட்டத்தட்ட வரும்). டிசம்பர் விடியலில் வெளியே 15, 16. மேகம் இல்லாத ராத்திரியில் கூரைத் தகடு வானத்தைப் பார்த்தே அதைவிட ரெண்டு மூணு டிகிரி கீழே போயிடும்.

ராக்வூல் சூட்டைத்தான் தடுக்கும், ஆவியை இல்லை. போர்டு இடுக்கு வழியா ஈரம் மேலே போகுது, அறைச்சூடு மட்டும் போகலை. அதனால் தகடு முன்னைவிடக் குளிர்ந்து கிடக்கு. உள்ளே இன்சுலேஷன் போட்டதுதான் சொட்டைக் கூட்டினது.

வழி: கூரை இன்சுலேஷனை வெளியே கொண்டு போங்க. தகட்டைக் கழுவி, துருவைச் சுரண்டி, ஜிங்க் பிரைமர் அடிச்சு, 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகையை (கெட்டியான தெர்மாகோல் மாதிரி ஃபோம்) முழுசா ஒட்டுங்க, இணைப்பில் டேப். அதுக்கு மேல் சரிவா கலர் ஷீட். பர்லினுக்கான (ஷீட்டைத் தாங்கற குறுக்குச் சட்டம்) தாங்கியை மேல் சைடு ரெயிலில், அதாவது கூரையோர நீளச் சட்டத்தில், வெல்ட் பண்ணுங்க (பலகை ஒட்டறதுக்கு முன்னாடியே, பொறி பட்டால் எரியும்). 2 மி.மீ. கூரைத் தகட்டில் ஸ்க்ரூ வேண்டாம், அப்புறம் நிஜமாவே ஒழுகும். சீலிங்கில் இருக்கிற ராக்வூலைக் கட்டாயம் எடுத்துடணும். ரெண்டு பக்கமும் இருந்தால் தகடு நடுவில் மாட்டி 17 டிகிரி கிட்டவே நிக்கும், மறுபடி வேர்க்கும். வெளியே மட்டும்னா 21-க்குக் குறையாது.

யார்டு_நண்பர்:
இதுக்கு எதுக்கு இவ்வளவு? அரை அடி இடைவெளி விட்டு மேலே ஒரு ஷீட் போட்டால் போதாதா? வெயிலுக்கு அப்படித்தான் போடறோம். இல்லைன்னா உள்ளே பஃப் (பாலியூரித்தேன் ஃபோம்) ஸ்ப்ரே.

தகரவேலை:
ஏப்ரல் வெயிலுக்கு அது சரி. டிசம்பரில் அந்த இடைவெளிக்குள்ளே 16 டிகிரிக் காற்று ஓடும்; பனிநிலை 19, அதனால் தகடு அப்பவும் வேர்க்கும். பஃப் ஸ்ப்ரே தகட்டோட ஒட்டிக்கிறதால் வேர்க்காது, ஆனா தீப்பிடிச்சால் விஷப்புகை. ஒரே கதவுள்ள பெட்டியில் 6 பேர் தூங்கறாங்க. அப்படியே அடிச்சாலும் மேலே சிமென்ட் ஃபைபர் போர்டு மூடி, எதிர்முனையில் ரெண்டாவது கதவு வெட்டணும். வெட்டின வாய்க்குச் சுத்தி ஸ்குயர் டியூப் சட்டம்.

காற்றுக்கு: ஒரு முனையில் கீழே 30க்கு 30 செ.மீ. லூவர், கொசுவலையோட. எதிர்முனை மேலே 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், ராத்திரி முழுக்க ஓடணும். கன்டெய்னரோடவே வர்ற குட்டி வென்ட் எதுக்கும் ஆகாது. முழுக்க இரும்புப் பெட்டி, அதனால் எர்த்திங்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிஞ்சால் தானே அணையற சுவிட்ச்) இல்லாமல் ஃபேன் மாட்டாதீங்க.

இன்னொண்ணு, 6 பேரே அதிகம். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்க வழிகாட்டுதலில் தங்குமிடத்தில் ஆளுக்கு 50 சதுர அடின்னு வெச்சிருந்தாங்க. வெறும் 20 அடிப் பெட்டி உள்ளளவே 149 தான். அடுக்குக் கட்டில் போட்டால் தரை அகலமாகாது.

யார்டு_நண்பர்:
தரை வாடைக்கு: கதவில் இருக்கிற சி.எஸ்.சி. பிளேட்டில் (கன்டெய்னர் பாதுகாப்புச் சான்றுத் தகடு) மரப்பகுதிக்கு என்ன மருந்து, எந்த வருஷம்னு பெரும்பாலும் அடிச்சிருக்கும். 28 மி.மீ. பிளைவுட்டில் பூச்சிமருந்து ஏத்தியிருப்பாங்க. மருந்துப் பேர் இருந்தால் பலகையைக் கழற்றிட்டு சிமென்ட் போர்டு போடறதுதான் நல்லது. பட்ஜெட் இடிச்சால் எபாக்ஸி ரெண்டு கோட், மேலே வினைல். பலகையை இழைக்கவோ எரிக்கவோ வேண்டாம். சரக்கு சிந்தின கறை இருந்தால் யோசிக்காமல் மாத்திடுங்க.

ஹலசூர்_தன்னார்வலர்:
ஒரு போர்டைக் கழற்றினோம். ராக்வூலைப் பிழிஞ்சால் தண்ணி, பின்னாடி கரும்பூஞ்சை. காய வெச்சுச் சுவரில் திரும்பப் போடலாமா? வாங்கினதே 3 மாசம் முன்னாடிதான்.

தகரவேலை:
வேண்டாம், பூஞ்சை பிடிச்சது போகட்டும். சுவர்லயும் இதே கதைதான். சொட்டாமல் வழிஞ்சு இறங்கறதால் கண்ணுக்குத் தெரியலை. அடி ரெயில் (சுவருக்குக் கீழே ஓடற நீளச் சட்டம்) ஓரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்க. பொருக்கு உதிர்ந்தாலும் அடியில் கெட்டியா இருந்தால் வயர் பிரஷ், பிரைமர். உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை வெட்டிப் புதுசு வெல்ட் பண்ணிட்டு அப்புறம் கூரைக்குப் போங்க.