ரெண்டாயிரம் பேர் பேசுற பாஷைக்கு எதுக்கு தனியா ஒரு பைபிள்? கிறிஸ்தவங்க யாராச்சும் சொல்லுங்க

வழிப்போக்கன்:
சண்டை இழுக்க வரல, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். ஒரு மொழிய மொத்தமே ரெண்டாயிரம் மூவாயிரம் பேர்தான் பேசுறாங்க, அதுக்கு எழுத்தே கிடையாதுன்னு வைங்க. அங்க போய் உக்காந்து எழுத்து உருவாக்கி, இலக்கணம் எழுதி, அப்புறம் புதிய ஏற்பாட்ட மட்டும் முடிக்கவே பத்து பதினஞ்சு வருஷம் ஆகும்னு படிச்சேன். அந்த ஜனங்கள்ல முக்காவாசி பேருக்கு பக்கத்துல இருக்குற பெரிய மொழி தெரியும், ஸ்கூல் சந்தை எல்லாமே அதுலதான், அதுல ஏற்கனவே பைபிளும் இருக்கு. அப்புறம் எதுக்கு இவ்ளோ மெனக்கெடல்? மதம் மாத்தத்தான்னு சொன்னா, அதுக்கு பெரிய மொழியே போதுமே, செலவும் கம்மி. இஸ்லாத்துல பாருங்க, குர்ஆன்னா அரபிதான், மத்த மொழில இருக்குறத விளக்கம்னுதான் சொல்லுவாங்க. அந்த மாதிரி ஒரு கட்டுப்பாடு உங்ககிட்ட ஏன் இல்ல?

மாற்கு_வாசகன்:
நல்ல கேள்வி ப்ரோ. கடைசி கேள்விலருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா மொத்த விஷயமும் அங்கதான் இருக்கு. இயேசு தினமும் பேசுனது அரமேயிக். ஆனா சுவிசேஷங்கள் நமக்கு கிடைச்சிருக்குறது கிரேக்கத்துல. அதாவது அவர் பேசுனத பத்தி நம்மகிட்ட இருக்குற முதல் ஆதாரமே இன்னொரு மொழிக்கு மாறி வந்ததுதான். அவர் வாயால சொன்ன சொல்ல அப்படியே காப்பாத்தணும்னு முதல் தலைமுறை நெனச்சிருந்தா அரமேயிக்ல எழுதி வெச்சிருப்பாங்க, அவங்க அத பெருசா எடுத்துக்கவே இல்ல. அதனால எங்களுக்கு புனித மொழின்னு ஒண்ணு இல்ல, எந்த மொழில இருந்தாலும் அது வேதம்தான்.

அடுத்து, பெரிய மொழி தெரியுமேன்னு கேட்டீங்கல்ல. பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள்னு ஒரு புக், அதுல 2ம் அதிகாரம் பாருங்க, பெந்தெகொஸ்தே நாள். பார்த்தர், மேதர், எகிப்து, ரோமாபுரின்னு எங்கெங்கருந்தோ வந்த யூதர்கள் எருசலேம்ல கூடியிருக்காங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கிரேக்கமோ அரமேயிக்கோ தெரிஞ்சிருக்கும், பேதுரு ரெண்டுல ஒண்ணுல பேசியிருந்தா காரியம் முடிஞ்சிருக்கும். ஆனா அங்க நடந்ததா எழுதியிருக்குறது என்ன, சீஷர்கள் பேசுனத அவங்கவங்க பிறந்த ஊர் பாஷைல கேட்டாங்கன்னு. சபை பிறந்த நாளே அப்படி. அதே புக்ல 21, 22ம் அதிகாரத்துல அப்போஸ்தலர் பவுல கூட்டம் அடிச்சு கொல்லப் பாக்குது, அவர் ரோம சேனாபதிகிட்ட கிரேக்கத்துல பேசி அனுமதி வாங்கிட்டு ஜனங்க பக்கம் திரும்பி அவங்க பாஷைல ஆரம்பிக்கிறார், உடனே இன்னும் அமைதியாயிட்டாங்கன்னு அந்த புக்க எழுதுன லூக்கா சொல்றார். புரியுற மொழி வேற, காது குடுத்து கேக்க வைக்குற மொழி வேற, இத அன்னைக்கே தெரிஞ்சு வெச்சிருக்காங்க.

மதம் பரப்பத்தானான்னா, ஆமா, அதுல ஒளிக்க என்ன இருக்கு? மத்தேயு 28ல சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கன்னு இருக்கு, வெளிப்படுத்தல் 7ல எல்லா ஜாதி, கோத்திரம், பாஷைலருந்தும் ஜனங்க சிங்காசனத்து முன்னாடி நிக்கிறாங்க. அந்த கூட்டத்துல போய் சேந்த பிறகும் பாஷை அழிஞ்சு எல்லாம் ஒண்ணா ஆகிடல பாருங்க. எனக்கு அது பெரிய விஷயம்.

நாத்திகன்தான்:
கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நடந்த கதையையும் கொஞ்சம் சொல்லுங்க சார். இந்த வேலைய பெரிய அளவுல ஆரம்பிச்சது கேமரன் டவுன்சென்ட், குவாத்தமாலால கக்சிகேல் ஜனங்க கூட வேலை பாத்த அமெரிக்கர். 1934ல மொழியியல் பயிற்சி முகாம், அதுலருந்து எஸ்ஐஎல்ங்குற அமைப்பு, 1942ல விக்ளிஃப்ங்குற பைபிள் மொழிபெயர்ப்பு அமைப்பு. எஸ்ஐஎல் பல நாட்டு அரசாங்கத்துகிட்ட மொழி ஆராய்ச்சி அமைப்புன்னு ஒப்பந்தம் போடும், அதே ஆளுங்க அமெரிக்கால சபைகள்கிட்ட போய் மிஷனரின்னு காணிக்கை வாங்குவாங்க. ரெண்டும் பொய் இல்லதான், ஆனா ரெண்டு இடத்துலயும் பாதி பாதி சொன்னா அதுக்கு என்ன பேர்? 1971ல பார்படோஸ்ல கூடுன மானிடவியல் ஆளுங்க, லத்தீன் அமெரிக்க பூர்வகுடிகள் நடுவுல மிஷனரி வேலைய மொத்தமா நிறுத்தச் சொல்லி அறிக்கையே விட்டாங்க. 1979ல மெக்சிகோ எஸ்ஐஎல் கூட போட்ட ஒப்பந்தத்த ரத்து பண்ணுச்சு, 1981ல ஈக்வடார். மொழிய காப்பாத்த போறோம்னு போய் அந்த ஜனங்களோட சடங்கு, பாட்டு, சாமி எல்லாத்தையும் பிசாசுன்னு சொல்லிட்டு வந்தா, மிஞ்சுறது என்ன மொழி, வெறும் கூடு.

ரீட்டா_எம்:
நாத்திகன் சொன்னதுல பாதிக்கு மேல எனக்கு ஒப்புதல், நான் கத்தோலிக்கப் பொண்ணு. மொழிபெயர்ப்புக்கு கிறிஸ்தவங்க எப்பவுமே ஆதரவுன்னு பேசுறதே கொஞ்சம் ஓவர். விவிலியத்த இங்கிலீஷ்ல போட்ட டின்டேல 1536ல கழுத்த நெரிச்சு எரிச்சது வேற யாரும் இல்ல, கிறிஸ்தவ அதிகாரம்தான். எங்க திருப்பலியே, அதாவது பூசையே, ரெண்டாம் வத்திக்கான் சங்கம்ங்குற ஆயர்கள் மாநாடு வரைக்கும் லத்தீன்தான், 1963ல அந்த சங்கம் கதவ திறந்த பிறகுதான் அவங்கவங்க மொழி உள்ள வந்துச்சு. அப்போ ஆதரவு தானா வரல, உள்ளுக்குள்ளயே அடிச்சுக்கிட்டு வந்தது.

ஆனா கூடுன்னு சொன்னீங்களே, அந்த கூடு சில சமயம் யாரும் எதிர்பாக்காத மாதிரி வேலை செய்யும். வேல்ஸ் கதை பாருங்க. 1563ல இங்கிலாந்து பாராளுமன்றம் வெல்ஷ்ல விவிலியம் போடச் சொல்லி சட்டம் போட்டுச்சு, கூடவே ஒவ்வொரு கோயில்லயும் இங்கிலீஷ் பிரதிய பக்கத்துலயே வைக்கணும், ஜனங்க ரெண்டையும் ஒப்பிட்டு பாத்து சீக்கிரமா இங்கிலீஷ் கத்துக்கணும்னு. எண்ணம் அவ்ளோதான். 1588ல வில்லியம் மோர்கனோட முழு விவிலியம் வந்துச்சு, நடந்தது நேர் எதிர், வெல்ஷுக்கு ஒரு நல்ல உரைநடை கிடைச்சு வாரா வாரம் கோயில்ல ஒலிச்சுக்கிட்டே இருந்துச்சு, மொழி இன்னைக்கும் உயிரோட இருக்கு. 1804ல லண்டன்ல பைபிள் சொசைட்டி ஆரம்பிச்சதுக்கே ஒரு முக்கிய காரணம் வெல்ஷ் விவிலியம் பத்தலன்னு வந்த கோரிக்கைதான்.

இன்னொண்ணு வலிக்கிற கதை. வட அமெரிக்கால முதல்ல அச்சான முழு விவிலியம் இங்கிலீஷ்ல இல்ல, 1663ல ஜான் எலியட்ங்குற மிஷனரி மாசச்சூசெட்ங்குற பூர்வகுடி மொழில போட்ட விவிலியம். எலியட் அந்த ஜனங்கள தனி கிராமங்கள்ல வெச்சு முடி, உடை எல்லாம் மாத்த வெச்சவர், 1675ல காலனிக்காரங்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் போர் வந்தப்போ கிறிஸ்தவங்களா மாறுன அதே ஜனங்கள காலனிக்காரங்க டியர் தீவுல குளிர்ல கொண்டு போய் அடைச்சாங்க, நிறைய பேர் செத்தாங்க. பின்னாடி அந்த மொழி பேச ஆளே இல்லாம போச்சு. 1993லருந்து அந்த மொழிக்குச் சொந்தக்காரங்களான வாம்பனோவாக் ஜனங்களே அத திரும்ப பேச வைக்க வேலை பண்றாங்க, அதுக்கு கைல இருக்குற பெரிய ஆதாரம் அந்த விவிலியமும், எழுதக் கத்துக்கிட்ட அவங்க முன்னோர் விட்டுட்டுப் போன நிலப் பத்திரம், மனு, கடிதமும்தான். இதுல எலியட்டுக்கு நன்றி சொல்றதா திட்டுறதா, எனக்கு ரெண்டும் தோணுது.

ஓரமா_ஒருத்தி:
நான் கொஞ்ச காலம் ஒரு மொழிபெயர்ப்பு டீம்ல டைப்பிங், ரெக்கார்டிங் வேலை பாத்தவ. வெளிநாட்டுக்காரர் குடும்பத்தோட வந்து இருபது வருஷம் உக்காந்து மொழிபெயர்க்குறதெல்லாம் பழைய படம், இப்போ பெரும்பாலும் அந்த மொழிக்காரங்களே எழுதுறாங்க, வெளி ஆளு ஆலோசகர் மட்டும்தான். பாதி இடத்துல மாற்கு சுவிசேஷத்துல ஆரம்பிப்பாங்க, பதினாறே அதிகாரம், கதையா ஓடும்.

எனக்கு புடிச்சது சோதிக்கிற நாள். டீம்ல இல்லாத, அந்த பகுதிய கேட்டே இருக்காத ஒருத்தர, முடிஞ்சா எழுதப் படிக்க தெரியாத வயசானவங்கள கூப்புட்டு உக்கார வெச்சு ரெண்டு தடவ வாசிச்சு காட்டுவாங்க. அப்புறம் கேள்வி, யாரு பேசுனா, யார்கிட்ட, ஏன் கோவப்பட்டா. வாசிச்சவர் தலைய கூட ஆட்டக் கூடாது. தப்பா பதில் வந்தா தப்பு வாசகத்துது, அந்த பாட்டியோடது இல்ல, இது எழுதாத சட்டம். லூக்கா 18ல பரிசேயனும் ஆயக்காரனும் ஜெபம் பண்ற கதை, முதல் ஆளு தன் பக்திய பெருமையா சொல்வான், வரி வசூலிக்கிற ரெண்டாவது ஆளு நான் பாவின்னு அழுவான், கடவுள் ஏத்துக்குறது ரெண்டாவது ஆளத்தான். அத கேட்டுட்டு ஒரு அம்மா, அந்த முதல் ஆளு எவ்ளோ நல்லவரு, ஒழுங்கா விரதம் இருக்காரே, கடவுள் அவர ஏன் விட்டுட்டாருன்னு கேட்டுச்சு. டீம்ல ஒருத்தருக்கும் பேச்சு வரல. வாசகம் தெளிவாதான் இருந்துச்சு, அந்த அம்மா சரியா புரிஞ்சுக்கிட்டு கதைகிட்டயே சண்டைக்கு போயிடுச்சு. அந்த நாள் வரைக்கும் அதே அம்மா பெரிய மொழி ஆராதனைல ஒரு மூலைல சும்மா உக்காந்துட்டு போறவங்க.

அதுக்கப்புறம் அத வேற ஒருத்தர் பெரிய மொழிக்கு திருப்பி மொழிபெயர்ப்பார், ஆலோசகர் அத பாத்து கேள்வி கேப்பார், திருத்தம், மறுபடி சோதனை. வருஷம் எங்க போகுதுன்னா இங்கதான் போகுது, அது போக எழுத்து எப்படி இருக்கணும், எந்த ஊர் வழக்குல எழுதணும்னு ஒரு சண்டை இருக்கு, அது வேதத்த விட நீளம்.

வழிப்போக்கன்:
நன்றிங்க எல்லாருக்கும். பெந்தெகொஸ்தே பாயிண்ட் எனக்கு நிஜமாவே புதுசு. ஒருத்தி அக்கா, நேரா ஒண்ணு கேக்குறேன், அச்சடிச்ச பிறகு ஜனங்க படிக்கிறாங்களா?

மாற்கு_வாசகன்:
அக்கா சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு. உலகத்துல 7,000க்கு மேல மொழி, முழு பைபிள் இருக்குறது 700 சொச்சத்துலதான். அதுல சைகை மொழிய மறந்துடாதீங்க, அமெரிக்க சைகை மொழில முழு பைபிள் 2020லதான் முடிஞ்சுச்சு, வீடியோவா. பிறவிலயே காது கேக்காதவங்களுக்கு எழுதுற மொழி ரெண்டாவது மொழி, அவங்ககிட்ட போய் உனக்குத்தான் இங்கிலீஷ் படிக்க தெரியுமேன்னு சொல்ல முடியாதுல்ல.

ஓரமா_ஒருத்தி:
உள்ளத சொல்லணும்னா தம்பி, சில இடத்துல படிக்கல. வெளியீட்டு விழா, மாலை, போட்டோ, அப்புறம் பெட்டி பிரிக்காம சபை அலமாரில கிடக்கும். பாஸ்டர் பெரிய மொழிலயே பிரசங்கம் பண்ணி பழகுனவரா இருந்தா அவருக்கே இத சத்தமா வாசிக்க கூச்சம், தடுமாறுவார். அதனாலதான் நாங்க இருந்த டீம்ல அச்சுக்கு முன்னாடியே ஆடியோ போட்டோம், மெமரி கார்டுல. அது சமையக்கட்டு வரைக்கும் போச்சு. புக்க பத்தி எனக்கு அவ்ளோ உறுதியா சொல்ல முடியாது.