48,000 ரூபாய் புது ஜாக்கெட்டா, 14,000 ரூபாய் பழையதா? ஸ்கூபா பி.சி.டி. வாங்க யோசனை வேண்டும்

திருநகர்_அலை:

எல்லோருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் இருக்கிறேன். பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தமானில் ஸ்கூபாவின் முதல் படியான ஓப்பன் வாட்டர் பயிற்சி முடித்தேன். இதுவரை 23 டைவ். மாஸ்க், காலில் மாட்டும் ஃபின், டைவ் கம்ப்யூட்டர் மூன்றும் சொந்தமாக இருக்கின்றன. அடுத்து பி.சி.டி., அதாவது காற்றை நிரப்பியும் விட்டும் மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட், வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

எனக்கு வருஷத்தில் வாய்ப்பது ஐந்து நாள், பத்து டைவ். பாண்டிச்சேரியில் ஒரு சனி, ஞாயிறு, லீவில் அந்தமானில் மூன்று நாள். நான் போகும் இடங்களில் ஜாக்கெட் வாடகை நாளுக்கு 500 ரூபாய், ஆக வருஷத்துக்கு 2,500. பெண்களுக்கான அளவில் பார்த்து வைத்திருக்கும் புது ஜாக்கெட் 48,000. போட்ட காசு திரும்ப 19 வருஷம் ஆகும் என்று வீட்டுக்காரர் கணக்குக் காட்டுகிறார். அவர் சொல்வதில் தப்பில்லை.

ஆனால் வாடகை ஜாக்கெட் எனக்குச் சேரவில்லை. உயரம் 5 அடி 1 அங்குலம், எடை 47 கிலோ. போன முறை கொடுத்தது மீடியம். வாரை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும், மேலே வந்து காற்று நிரப்பியதும் ஜாக்கெட் காது வரை ஏறிவிட்டது. அலை வாயில் அடிக்கிறது, தலையைத் திருப்ப முடியவில்லை. படகு வரும்வரை பத்து நிமிஷம் பயந்துபோய்க் கிடந்தேன். தண்ணீருக்கு அடியிலும் நிம்மதி இல்லை. மிதக்காமல் இறங்க 8 கிலோ ஈயம் கட்டியிருந்தார்கள். காற்றை நிரப்புவதும் விடுவதுமாகவே இருந்து, 34 நிமிஷத்தில் டேங்க் காற்று முடிந்தது.

சென்னையில் ஒருவர் மூன்று வருஷப் பழைய ஸ்மால் சைஸ் ஜாக்கெட்டை 14,000-க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? வாங்கினால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சோழவந்தான்_கிணறு:

அம்மா, 19 வருஷக் கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷப் பயத்துக்கு அதில் இடமே இல்லை. நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

சோழவந்தானில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில்தான் நீச்சல் பழகினேன். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பா இறக்கிவிடுவார். கயிறு தளர்ந்து குடுக்கை இடுப்புப் பக்கம் நழுவினால் கால் மேலே வந்து தலை முங்கிவிடும். அதனால் இறக்குவதற்கு முன் முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். இப்போது 160 டைவ் ஆகிவிட்டது. பி.சி.டி.யை மாட்டும்போதெல்லாம் அந்த முடிச்சு ஞாபகம் வரும். காற்று உடம்பில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் காரியம். தோளும் இடுப்பும் பொருந்தாத ஜாக்கெட்டில் காற்று ஒரு பக்கம் தூக்கும், நீங்கள் இன்னொரு பக்கம் தொங்குவீர்கள்.

அடுத்து அந்த 8 கிலோ. 3 மில்லி தடிமன் வெட்சூட்டுக்கும் (டைவ் போடும் ரப்பர் உடை) உங்கள் உடம்புக்கும் அது ரொம்ப அதிகம். 3 கிலோ ஈயம் கூடுதலாகக் கட்டினால், அதைத் தூக்க ஜாக்கெட்டில் 3 லிட்டர் காற்று அடைக்க வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அடைத்த 3 லிட்டர், காற்றை வெளியே விடாமல் மேலே வந்தால் 6 லிட்டர் ஆகிவிடும். இயற்பியல் டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறி இறங்கித் தவித்ததில் பாதி ஜாக்கெட்டின் குற்றம், பாதி ஈயத்தின் குற்றம். புது ஜாக்கெட் வாங்கினாலும் ஈயம் அப்படியே இருந்தால் தவிப்பும் அப்படியே இருக்கும். அடுத்த டைவின் கடைசியில், டேங்கில் காற்றழுத்தம் 50 பார் இருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில் ஜாக்கெட்டைச் சுத்தமாகக் காலி செய்து நின்று பாருங்கள். மெதுவாக மூச்சு விட்டபடி அப்படியே நிற்க முடிந்தால் ஈயம் சரி. இதைக் கடைசியில் செய்வதற்குக் காரணம் உண்டு. சாதாரண அலுமினிய டேங்கில் அடைத்த காற்றே 2 கிலோவுக்கு மேல். அது தீரத் தீர டேங்க் உங்களை மேலே தூக்கும்.

இனி காசு. 2016-ல் நான் 52,000 கொடுத்து ஒரு ஜாக்கெட் வாங்கினேன். ஈயம் வைக்கும் பை, சுற்றிலும் வளையங்கள், 18 கிலோ தூக்கும் திறன் என்று எல்லாம் இருந்தது. நம் கடலின் வெதுவெதுப்புக்கு, மெல்லிய வெட்சூட்டுக்கு, 12 கிலோ தூக்கினாலே தாராளம். அந்த ஜாக்கெட்டின் எடை மட்டும் 4 கிலோ. விமானத்தில் கொடுப்பதே 15 கிலோ, அதில் மூச்சு விடும் ரெகுலேட்டரும் ஃபின்னும் போக துணிக்கு இடமில்லை. ஊருக்கு வந்ததும் கழுவி மாடி ரூம் லாஃப்டில் போட்டுவிடுவேன். மதுரை சித்திரை வெயிலில் அந்த லாஃப்ட் அடுப்பு மாதிரி. மூன்றாவது வருஷம் உள்ளே காற்றுப் பையின் ஒட்டு விட்டுவிட்டது. ஜாக்கெட்டோடு சேர்த்துத் தைத்த பை, தனியாக மாற்ற வழியில்லை. மொத்தமும் போச்சு. ரொம்ப வருத்தமாக இருந்தது.

இப்போது வைத்திருப்பது முதுகில் மாட்டும் ஸ்டீல் பிளேட், வார், விங் என்கிற தனிக் காற்றுப் பை. வார் நைந்தால் வாரை மாற்றலாம், பை போனால் பையை மாற்றலாம். பிளேட் என் பேரன் காலத்துக்கும் இருக்கும். ஆனால் வருஷத்துக்குப் பத்து டைவுக்கு இதையும் இப்போதே வாங்கச் சொல்ல மாட்டேன்.

சென்னை ஜாக்கெட்டை நேரில் போய்ப் பாருங்கள். வெட்சூட் போட்டு மாட்டுங்கள். காற்று நிரப்பிய பிறகு ஒருவரை விட்டுத் தோள் வாரைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள், தாடைக்கு வரக் கூடாது. அதிகக் காற்றை வெளியே விடும் வால்வு தானாகத் திறக்கும் வரை வாயால் ஊதி, மூன்று நான்கு மணி நேரம் அப்படியே வையுங்கள். தொய்ந்தால் வேண்டாம். பிறகு கவிழ்த்துக் குலுக்குங்கள். உள்ளே உப்பும் மணலும் சரசரத்தால் அவர் கழுவியதே இல்லை என்று அர்த்தம். காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டர் பட்டனை இருபது தடவை அழுத்துங்கள். விட்டவுடன் துள்ளி மேலே வர வேண்டும். அது சிக்கிக்கொண்டால் ஜாக்கெட் தானாக நிரம்பி உங்களை மேலே தூக்கிப் போய்விடும். ஆனால் இன்ஃப்ளேட்டரைத் தனியாக மாற்றலாம், அதற்காக ஜாக்கெட்டையே தள்ள வேண்டாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

முத்துநகர்_77:

நான் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். 14,000-த்தில் இன்னும் நாலைந்து டைவ் போகலாம். பழகப் பழகத்தான் மிதப்பு கைக்கு வரும். முன்பதிவு செய்யும்போதே உயரம், எடை சொல்லி எக்ஸ்ட்ரா ஸ்மால் எடுத்து வைக்கச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும். எங்கள் தூத்துக்குடியில் முத்துக்குளித்த காலத்தில் இறங்க ஒரு கல், ஏற ஒரு கயிறு, அவ்வளவுதான். மேலே கயிறு பிடிப்பது மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள், தன் தங்கச்சி புருஷனைச் சாக விட மாட்டான் என்று.

சோழவந்தான்_கிணறு:

அண்ணாச்சி, டைவ் எண்ணிக்கை முக்கியம் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு ஜாக்கெட் என்றால், காற்று விடும் கயிறு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் கை தேடும். தேடுகிற இரண்டு விநாடியில் 2 மீட்டர் ஏறிவிடுவார்கள். நாமும் ஒரே வண்டியை ஓட்டிப் பழகியவர்கள்தானே.

திருநகர்_அலை:

இரண்டு பேருக்கும் நன்றி அண்ணே. பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய்ப் பார்த்தேன். காலையில் ஊதி வைத்தோம், மத்தியானம் வரை கல் மாதிரி நின்றது. உள்ளே மணல் இல்லை. பட்டன் இரண்டு முறை சிக்கியது. அதைச் சொல்லி 12,500-க்கு முடித்தேன். இன்ஃப்ளேட்டர் மாற்ற 3,500. ஆக 16,000, வீட்டுக்காரர் கணக்கில் ஆறரை வருஷம். அவரும் சரி என்றுவிட்டார்.

போன வாரம் பாண்டிச்சேரியில் இறங்கினேன். 50 பாரில் நின்று பார்த்துப் பார்த்துக் குறைத்ததில் 4.5 கிலோ போதும் என்று தெரிந்தது. மேலே வந்து நிரப்பியபோது ஜாக்கெட் இடுப்போடு நின்றது. 43 நிமிஷம் இருந்தேன்.

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவலாமா? லாஃப்ட் வேண்டாம் என்று பீரோவில் தொங்கவிட்டேன், பாதி காற்றோடு வைத்தால் கதவு மூட மாட்டேன் என்கிறது.

சோழவந்தான்_கிணறு:

வெளியே கழுவ போர் தண்ணீர் போதும். உள்ளே மட்டும் கடைசியாக இரண்டு லிட்டர் குடிதண்ணீர் ஊற்றிக் குலுக்கி, இன்ஃப்ளேட்டர் வழியாகவே வடியவிடுங்கள். பீரோவில் கால்வாசி காற்று இருந்தால் போதும், உள் சுவர் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்துருண்டை இருந்தால் எடுத்துவிடுங்கள்.