மாசம் 20 ஆயிரம் மிச்சம் பிடிக்க எங்கே கை வைக்கலாம்? மிஞ்சியதை எதில் போடலாம்?

களுவாஞ்சித் தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடியில் இருக்கிறோம். எனக்குக் கல்முனையில் ஒரு தனியார் கம்பனியில் வேலை, அடிப்படைச் சம்பளம் ஒரு லட்சம், ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கழித்துக் கைக்கு 92 ஆயிரம் வரும். மனைவிக்கு அரசாங்க வேலை, அவவுக்கு 58 போல. மூன்று வயதில் ஒரு மகள். வீடு மனைவிக்குக் கொடுத்த சீதன வீடு, அதனால் வாடகை இல்லை. இவ்வளவு இருந்தும் 20ஆம் திகதி தாண்டினால் இரண்டு பேர் கையிலும் காசு இல்லை, இது ஒவ்வொரு மாசமும் நடக்கிறது.

மோட்டார் சைக்கிள் லீசிங் 18,500. சீட்டு 10,000. அம்மாவுக்கு 15,000, அதில் கை வைக்க மாட்டேன். மகளைப் பகலில் பார்க்கிறவவுக்கு 12,000. கடையில் கடனுக்கு வாங்குகிற சாமானுக்கான கடைக் கொப்பி 35இலிருந்து 40க்குள் வரும். மீன், மரக்கறி, பெற்றோல், கரண்ட் இதற்கு வெளியே. இதை விட மனைவியின் நகை 3 லட்சத்துக்கு அடகில் இருக்கிறது, ஆண்டுக்கு 12 வீதம், முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டு வருகிறோம்.

மகளுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், அதற்கு இப்போதிருந்தே ஏதாவது செய்ய வேண்டும் என்று மனைவி நெருக்குகிறா. அவ சொல்வது சரிதான். எதை வெட்டலாம், வெட்டி மிஞ்சுவதை வங்கியில் எப்.டி.யில் (நிலையான வைப்பில்) போடுவதா, தங்கப் பவுண் வாங்குவதா, காணியா, ஷெயாரா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆரையம்பதி அக்கா எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். லீசிங், சீட்டு, அம்மா, மகள், கடை எல்லாம் சேர்த்து 95 போலத்தான் நிற்கிறது. மீன், மரக்கறி, பெற்றோல், கரண்டுக்கு 35 என்று தாராளமாக விட்டாலும் 20 ஆயிரம் கையில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அது நீங்கள் இங்கே எழுதாத செலவுக்குள் போகிறது. ஒரு மாசக் கணக்கை எத்தனை தரம் திருப்பிப் பார்த்தாலும் அந்தச் செலவு தெரியாது, ஏனென்றால் அது ஒவ்வொரு மாசமும் ஒரே பெயரில் வருவதில்லை.

எங்கள் பக்கத்தில் அது என்ன என்று எல்லாருக்கும் தெரியும். கல்யாணம், பெரியபிள்ளையானால் செய்கிற சாமத்தியச் சடங்கு, புது வீட்டுக் குடிபூரல், பிள்ளைகளின் பிறந்தநாள். ஒரு கல்யாணத்துக்கு 5,000 என்வலப் கொடுத்தோம் என்றுதான் மனதில் நிற்கும், ஆனால் போக ஹையர் ஆட்டோ, பிளவுஸ் தைத்த கூலி, பிள்ளைக்குப் புது உடுப்பு, அதற்கு முந்தித் தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கலுக்குக் கொண்டுபோன சாமான் என்று பார்த்தால் 15 தாண்டும். அப்படி மாசத்துக்கு ஒன்று வந்தாலே உங்கள் மிச்சம் முடிந்தது. கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்களுக்கு ஒன்று நடந்தால் அந்தச் சனம்தான் வந்து நிற்கும். ஆனால் எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

ஒரு சீ.ஆர். கொப்பி (பெரிய கணக்குக் கொப்பி) எடுத்து மாசத்துக்கு ஒரு பக்கமாகப் பன்னிரண்டு பக்கம் பிரியுங்கள். தைப்பொங்கல், சித்திரைப் புதுவருசம், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தம், தீபாவளி, மோட்டார் சைக்கிள் இன்சூரன்ஸ், அதன் வரி, குடும்பத்துக்குள் வரப்போகிற கல்யாணங்கள், அடகு வட்டி 36 ஆயிரம், எல்லாவற்றையும் அந்தந்த மாசத்தில் எழுதுங்கள். மறுகா கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே ஏ.டி.எம். கார்ட் இல்லாத வேறொரு கணக்கில் போடுங்கள். எங்கள் வீட்டில் இப்படித்தான் ஓடுகிறது. புதுவருசத்துக்கு ஒருவரிடமும் கைமாற்றுக் கேட்பதில்லை.

கடைக் கொப்பியையும் ஒருநாள் கடையில் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து வரிவரியாகப் பாருங்கள். அரிசி, சீனி, பால்மா என்று வீட்டுச் சாமான் ஒரு பக்கம். போன் ரீலோட் 200, ரீலோட் 100, சோடா, பிஸ்கட், திரும்ப ரீலோட் 200 என்று இடையிடையே வருவது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது பக்கத்தைத் தனியாகக் கூட்டுங்கள். பெரும்பாலான வீட்டில் ரீலோட் மட்டுமே சில ஆயிரம் வரும், மாசப் பக்கேஜ் ஒன்று போட்டால் அதில் பாதிக்குக் குறையும். கரண்ட் பில்லில் யூனிட்டையும் பாருங்கள், 60, 90, 120, 180 என்று படி மாறுகிறது, படி தாண்டினால் யூனிட் விலையோடு நிலையான கட்டணமும் ஏறும். 92 யூனிட்டில் நிற்கிற வீடு இரண்டு மூன்று யூனிட்டைக் குறைத்தாலே பில்லில் வித்தியாசம் தெரியும்.

வாவிக்கரை எழுதியது:

அக்கா சொன்ன வருசக் கணக்குத்தான் சரி. நான் மட்டக்களப்பு டவுணில் வங்கியில் வேலை செய்கிறவன், அதனால் காசை எங்கே போடுவது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அடகு மீளும்வரை எப்.டி.யைப் பற்றி யோசிக்க வேண்டாம். 3 லட்சத்துக்கு நீங்கள் வருசம் 36,000 வட்டி கட்டுகிறீர்கள். அதே 3 லட்சத்தை 8 வீதத்துக்கு எப்.டி.யில் போட்டால் 24,000 வரும், அதில் 10 வீதம் வரியாகப் பிடித்தால் 21,600. அடகை வைத்துக்கொண்டே எப்.டி. போட்டால் வருசத்துக்கு 14,400 உங்கள் கையிலிருந்து போகும். நகையை மீட்பதே உங்களுக்கு 12 வீதம் தருகிற முதலீடு, வரியும் இல்லை, ஆபத்தும் இல்லை. முழுக்காசும் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடகு முதலைப் பகுதி பகுதியாகக் கட்டலாம், கட்டக் கட்ட வட்டி குறையும். வட்டி வேறாக, முதலுக்கு மட்டும் மாசம் 20 ஆயிரம் கட்டினால் ஒன்றேகால் வருசத்தில் நகை வீட்டுக்கு வரும்.

வரி விஷயம் ஒன்று. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் பிடிக்கிற வரி 5 வீதத்திலிருந்து 10 ஆகிவிட்டது. ஆனால் வருச வருமானம் 18 லட்சத்துக்குக் குறைந்தவர்கள் வரி இலக்கத்தோடு வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். உங்கள் சம்பளம் அதற்குள்தான் வருகிறது. இதைக் கேட்டு வாங்குகிற ஆட்கள் குறைவு, வயதான அம்மா அப்பா பெயரில் எப்.டி. இருந்தால் அவர்களுக்கும் செய்து கொடுங்கள்.

இரண்டு மூன்று வீதம் கூடத் தருகிறார்கள் என்று பைனான்ஸ் கம்பனிக்கு ஓடுகிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் வரைதான். 2020இல் த பைனான்ஸ் கம்பனியின் அனுமதியை மத்திய வங்கி ரத்துச் செய்தபோது அந்த எல்லை 6 லட்சமாக இருந்தது, அதற்கு மேல் போட்டிருந்தவர்கள் மிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டி வந்தது.

கடைசியாக, உங்கள் சம்பளச் சிட்டையைப் பாருங்கள். உங்களுடைய 8 வீதம், கம்பனியின் 12 வீதம், ஆக மாசம் 20,000 உங்கள் பெயரில் ஈ.பி.எஃப்.க்குப் போக வேண்டும், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3,000 தனி. போகிறதா என்று வருசாந்தக் கூற்றில் சரிபாருங்கள். 2023க்கு ஈ.பி.எஃப். கொடுத்த வட்டி 13 வீதம். பத்து வருச அங்கத்துவமும் கணக்கில் 3 லட்சமும் இருந்தால் வீட்டுக்காக 30 வீதம் வரை எடுக்கலாம் என்று ஒரு ஏற்பாடும் இருக்கிறது. மகளின் வீட்டுக்குக் காசு சேரத் தொடங்கிவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

கல்லடி மச்சான் எழுதியது:

எல்லாரும் பயந்து பயந்து சொல்கிறீர்கள். மகளுக்கு மூன்று வயது, இருபது வருசம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதம் போல போனது, எப்.டி.யில் வைத்திருந்தவர்களின் காசு கண் முன்னால் கரைந்தது. ஷெயார் வாங்கி வைக்கத் தேவையான சீ.டி.எஸ். கணக்கு ஒன்று திறந்து மாசம் 5,000க்காவது நல்ல கம்பனி ஷெயார் வாங்குங்கள்.

வாவிக்கரை எழுதியது:

மச்சான், நீண்ட காலத்துக்கு ஷெயார் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாசச் செலவுக்குக் காசு கையில் இல்லாத குடும்பம் ஷெயார் வாங்கினால், பிள்ளைக்கு ஒரு வருத்தம் வந்தவுடன் எந்த விலைக்கும் விற்க வேண்டி வரும். நகை மீளட்டும், அவசரத்துக்கு ஒரு தொகை சேரட்டும், அதற்குப் பிறகு, பல பேரின் காசைச் சேர்த்து முதலீடு செய்கிற யூனிட் ட்ரஸ்ட்டில் தொடங்கலாம்.

அக்கரைப்பற்று நானா எழுதியது:

தம்பி, நான் வட்டிப் பக்கம் போகாத ஆள், அதனால் எப்.டி. பற்றிப் பேசவில்லை. எங்கள் ஆட்கள் லாபப் பங்கு தருகிற இஸ்லாமிய வங்கிக் கணக்கிலும் பவுணிலும்தான் வைக்கிறோம். பவுண் வாங்குவதென்றால் நகையாக வாங்காதீர்கள், செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது.

அரிசிக்கு ஒரு வழி சொல்கிறேன். நெல் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு பல பேர் கடையில் ஐந்து கிலோ பை வாங்குகிறார்கள். பெரும்போக வேளாண்மை வெட்டுகிற மாசி, பங்குனியில் நெல் விலை இறங்கும். அப்போது தெரிந்த வயல்காரரிடம் நான்கைந்து மூடை காய்ந்த நெல்லாக வாங்கி வைத்து, தேவைக்கு மில்லில் குத்துங்கள். தவிடு, உமியும் வீட்டுக்கு வரும், கோழி வளர்த்தால் அதற்கும் ஆகும். நாங்கள் கடையில் அரிசி வாங்குவதே இல்லை.

ஆனால் யாராவது வந்து, காசு தாங்க, வயல் செய்து பங்கு தருகிறேன் என்றால் யோசியுங்கள். 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் அம்பாறைப் பக்கம் எத்தனை வயல் போனது என்று பார்த்தோம். இழந்தால் தாங்கக்கூடிய காசு மட்டும்தான் அதில் போகலாம்.

களுவாஞ்சித் தம்பி எழுதியது:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. நேற்று இரவு மனைவியும் நானும் இருந்து வருசக் கணக்கை எழுதினோம். அக்கா சொன்ன எழுதாத செலவு மாசத்துக்கு 19 ஆயிரம் போல வருகிறது, இரண்டு பேருக்கும் தூக்கம் போய்விட்டது. நகையை மீட்பது என்று முடிவு. இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். சீட்டை நான் இன்னும் எடுக்கவில்லை, நிறுத்தவா? அடுத்தது, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு ஏக்கர் காணி மலிவாக வருகிறது என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார், பெர்மிட் காணி. மகளின் பெயருக்கு வாங்கிப் போடலாமா?

ஆரையம்பதி அக்கா எழுதியது:

சீட்டை இடையில் நிறுத்தினால் மற்றவர்களுக்குத்தான் கஷ்டம், நாளைக்கு உங்கள் முகத்தில் விழிக்க மாட்டார்கள். சீட்டு நடத்துகிறவவிடம் கேட்டு முந்திய முறைக்கு மாறப் பாருங்கள், எடுக்கிற காசை அப்படியே அடகுக்குக் கட்டுங்கள். கடைசி ஆளாக எடுத்தால் உங்களுக்கு லாபம் ஒன்றும் இல்லை, அதே காசு விலைவாசி ஏறிய பிறகு கைக்கு வருகிறது. முடிந்த பிறகு அந்த 10 ஆயிரத்தைச் செலவுக்குள் விட்டுவிடாமல் நேரே கணக்குக்குப் போடுங்கள்.

பெர்மிட் காணியை எண்ணி எண்ணிச் செய்யுங்கள் தம்பி. அது அரச காணி, பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது, கையெழுத்து வாங்கிய வெறும் கடதாசிக்கு ஒரு பெறுமதியும் இல்லை. முதலில் பெர்மிட்டின் பிரதியை வாங்கிக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய் யாருடைய பெயரில் இருக்கிறது, பின்னுரித்தாளியாக (அவருக்குப் பிறகு காணி போகிற ஆளாக) யார் பதிந்திருக்கிறது என்று கேளுங்கள். அதற்குள் சொந்தக்காரர் முற்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.