வாடை வந்தாலே குடித்தவர் என்று முடிவு செய்யலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். நேற்று இரவுப் பணியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரிடம் வாடை வீசியதோடு, பீப்பாயைத் தூக்கும்போது அவர் கைகளும் நடுங்கின. இத்தகைய சூழலில் பரிசோதனைக்கு அனுப்புவது முறையா?

பதில்: முறைதான் ஐயா, ஆனால் முதலில் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிடுங்கள். கண்டதை நேரத்துடன் எழுதி, உடனிருந்த இன்னொருவரின் கையொப்பத்தையும் பெற்று, அவருடைய ஒப்புதலோடு அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். வாடையும் தள்ளாட்டமும் மட்டும் குடித்ததற்குப் போதிய சான்றாகா என்று 1971இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் கூறியிருக்கிறது.

மற்றொரு பதில்: சர்க்கரை நோய் உண்டா என்றும் கேளுங்கள். சர்க்கரை மிகவும் ஏறினால் மூச்சில் பழவாடை வரும். இறங்கினால் கை நடுங்கும், பேச்சு குழறும். எங்கள் ஓசூர்ப் பட்டறையில் குடிகாரர் என்று வாயிலில் உட்கார வைக்கப்பட்ட அண்ணனின் சட்டைப்பையில் இன்சுலின் பேனா இருந்தது.

கேட்டவர்: மிக்க நன்றி. அவரைத் தனியே அழைத்து, முதலில் அதைத்தான் கேட்கப்போகிறேன்.